வயல் பாதைக்குப் பிக்கப் வண்டி: பட்டையிலும் சுவிட்சிலும் செய்யத்தக்கவை, தகாதவை

சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் விளைபொருளை ஏற்றிச் செல்லும் வேலை மாட்டு வண்டியிடமிருந்து பிக்கப் வண்டிக்கு மாறிவிட்டது. நெல், கத்தரி, வெண்டை, கீரை, தர்ப்பூசணி ஆகிய அனைத்தும் இன்று அதில்தான் அங்காடிக்குப் போகின்றன. தார்ச்சாலையில் இவ்வண்டிக்குக் குறையொன்றும் இல்லை. களத்திலிருந்து தார்ச்சாலையை அடையும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதைதான் அதற்குச் சோதனை.

இந்த வட்டாரம் மோட்டார் வண்டிக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டு எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்று லாரித் தொழிலை வளர்த்தது. அந்நிறுவனம் 2011இல் வெளியிட்ட தோஸ்த், அதற்கு முன் 2005இல் வந்த டாட்டா ஏஸ், மகிந்திராவின் பொலிரோ பிக்கப் போன்றவை சிறு உழவர்களிடமும் பரவியுள்ளன. வண்டி சேற்றில் சிக்கினாலோ, அடி தட்டினாலோ, பட்டறையில் எளிதாகக் கிடைக்கும் யோசனைகள் மூன்று: பின்பக்கம் இரண்டு பட்டை கூட்டுங்கள், வண்டியை மூன்று அங்குலம் தூக்கி வையுங்கள், முன்னால் இரண்டு பெரிய விளக்கைப் போட்டு டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வையுங்கள். காட்டுப் பாதையில் உல்லாச ஓட்டம் ஓட்டுவோர் ஜீப்புகளில் செய்யும் மாற்றங்கள் இவை. சுமை ஏற்றும் உழவர் வண்டிக்கு இவை பொருந்துமா என்பதை ஆராய்ந்து பார்ப்பது நலம். ஏனெனில் பிக்கப் வண்டி பெரும்பாலும் கடனில் வாங்கியது. அதன் பிரேக்கும் பதிவுச் சான்றும் பழுதுபட்டால் குடும்பத்தின் வருவாயே பழுதுபடும்.

பட்டை வில் செய்யும் வேலை

பிக்கப் வண்டியின் பின் அச்சு பட்டை வில்லின்மீது தாங்கப்பட்டுள்ளது. மெயின் பட்டையின் இரு முனைகளிலும் உள்ள கண்கள் சேசிஸுடன் புஷ், சாக்கிள் வழியாக இணைகின்றன. அதன்கீழ் நீளம் குறைந்த பட்டைகள் அடுக்கப்பட்டு, சென்டர் போல்ட்டாலும் யூ போல்ட்டுகளாலும் அச்சோடு இறுக்கப்படுகின்றன. சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டை வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய அதிர்ச்சியில் வண்டி தொடர்ந்து துள்ளாமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை.

பட்டையின் விறைப்பு எதனால் கூடுகிறது என்பதை உழவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஒரே தடிப்புள்ள 5 பட்டைகள் உள்ள கட்டில் அதே அளவில் ஒரு முழுப் பட்டை சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிப்பைக் கூட்டினால் கணக்கே வேறு. விறைப்பு தடிப்பின் முப்படியாக ஏறுகிறது. 10 மில்லிமீட்டர் பட்டைகளை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டர் பட்டைகளைப் போட்டால் விறைப்பு 1.7 மடங்காகிவிடும். 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்று எண்ணிச் செய்வது வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

கூடுதல் பட்டையால் வரும் தீங்குகள்

1. வண்டி பாதி நேரம் வெறுமையாகத்தான் ஓடுகிறது. விறைத்த பட்டையுடன் வெறும் வண்டி மண் பாதையில் செல்லும்போது பின் சக்கரம் பள்ளத்தைத் தொடர்ந்து இறங்காமல் அந்தரத்தில் துள்ளுகிறது. தரையைத் தொடாத சக்கரத்தால் இழுக்கவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. சேற்றில் சிக்காமலிருக்கச் செய்த மாற்றமே சிக்கலை மிகுவிக்கிறது.

2. பல பிக்கப் வண்டிகளில், பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சுமை ஏறினால் பட்டை தாழும். வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டையை விறைப்பாக்கினாலோ, கட்டை வைத்து உயர்த்தினாலோ, முழுச் சுமை ஏற்றியும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு கொள்ளும். விளைவாகப் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். கண்டெய்னர் லாரிகள் இடைவிடாது ஓடும் துறைமுகச் சாலையில் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

3. பட்டை வாங்காத அதிர்ச்சி எங்கும் போய்விடுவதில்லை. அது சேசிஸ், பட்டைக் கொக்கி, சக்கரப் பேரிங் ஆகியவற்றில் இறங்குகிறது. பட்டை உடைவதற்குப் பதில் சேசிஸ் விரிசல் விட்டால் செலவு பன்மடங்காகும்.

4. தக்காளி, கத்தரி போன்ற மென்மையான விளைபொருள் விறைத்த வண்டியில் அதிகம் நசுங்கும். அங்காடியில் கழிவாகத் தள்ளப்படும் கூடைகளின் இழப்பும் உழவரையே சாரும்.

வண்டியை உயர்த்துதல்

அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தோ, சாக்கிளை நீட்டியோ வண்டியை உயர்த்துகின்றனர். இதனால் சேசிஸ் உயருமே தவிர, பின் அச்சின் நடுவே தொங்கும் டிபரன்ஷியல் குடம் அணுவளவும் உயராது. மண் பாதையின் நடுமேட்டில் முதலில் தட்டுவது அந்தக் குடம்தான். எனவே செலவு செய்த நோக்கம் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. மேலும் புரொப்பெல்லர் ஷாப்ட் சாய்வு கூடி, அதன் மூட்டுகள் அதிர்ந்து விரைவில் தேய்கின்றன.

கவிழும் அபாயத்தை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஒரு வண்டியின் இடவலச் சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. தூரம் என்றும், சுமையுடன் அதன் எடை மையம் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். அவ்வண்டி ஏறக்குறைய 35 பாகை சாயும்வரை கவிழாது. ஒரு பக்கச் சக்கரங்கள் 30 செ.மீ. உயர வரப்பில் ஏறினால் 12 பாகை செலவாகிவிடும். அதே நிலையில், சரிவை நோக்கிச் சாயும்படியாக, 10 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பினால் அது மேலும் 17 பாகைச் சாய்வுக்குச் சமம். மீதம் இருப்பது ஐந்து, ஆறு பாகையே. வண்டியை 7.5 செ.மீ. உயர்த்தியிருந்தால் மீதம் நான்காகக் குறையும். வைக்கோலையோ மூட்டையையோ உயரமாக அடுக்கி எடை மையம் 130 செ.மீ. ஆகியிருந்தால் மீதம் எதுவும் இல்லை, வண்டி கவிழும். பட்டைகளின் நெகிழ்ச்சியைக் கணக்கில் சேர்த்தால் உண்மை நிலை இதைவிட மோசம்.

இக்கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. உயரமாக அடுக்குவது வண்டியை உயர்த்துவதைவிடக் கொடியது. வேகத்தை 20இலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்தால் 17 பாகை என்பது நாலரைப் பாகையாகச் சுருங்கும். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என வகுத்தது. அளவுக்கு மீறிய சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்றும் அத்திருத்தம் கூறியது. வண்டியின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளை அகற்றுமாறு 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

அபராதம் ஒருபுறமிருக்க, விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும்போது மாற்றம் செய்த வண்டி என்பதால் தகராறு எழ இடமுண்டு. பட்டையைக் கூட்டுவதால் பதிவுச் சான்றில் உள்ள சுமை அளவு ஒரு கிலோ கூடக் கூடாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். புதிதாக வாங்குவோர், தங்கள் பாதைக்கும் சுமைக்கும் ஏற்ற பட்டையுடன் தயாரிப்பாளரே விற்கும் வகையைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதே முறை.

பட்டையில் செய்யத்தக்கவை

வண்டி தாழ்ந்து போயிருந்தால், பெரும்பாலும் பட்டை போதாமல் இல்லை. பராமரிப்புப் போதாமல் இருக்கிறது. கீழ்க்கண்டவற்றை முதலில் செய்து பாருங்கள்.

அ) வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இருபுறமும் அச்சிலிருந்து சேசிஸ் வரை உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். ஒருபுறம் மறுபுறத்தைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அப்பக்கத்தில் பட்டை உடைந்திருக்கலாம், அல்லது வளைவு இழந்திருக்கலாம்.

ஆ) உடைந்த பட்டைக்குப் பதில் அதே நீளம், அகலம், தடிப்புள்ள பட்டையையே போடுங்கள். பட்டையை வெல்டு செய்யவே கூடாது. சூடேறிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அடுத்த பள்ளத்தில் அங்கேயே முறியும்.

இ) யூ போல்ட்டுகள் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து அச்சே விலகும். பட்டை வேலை செய்த சில நூறு கிலோமீட்டருக்குப் பின் அவற்றை மீண்டும் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈ) வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் ஷாக் அப்சார்பர் நலம். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, அதில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, வண்டிக்குக் குறித்த அதே வகையில் இணையாக இரண்டையும் மாற்றுங்கள்.

உ) தேய்ந்த புஷ்களை மாற்றுங்கள். மண் பாதையில் வண்டி வால் ஆட்டுவதற்கு இதுவே பெருங்காரணம்.

ஊ) பட்டைமீது கழிவு எண்ணெய் பூசும் பழக்கத்தை விடுங்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊறச் செய்து கெடுக்கும். பிரேக் டிரம்மில் இறங்கினால் பிடி போய்விடும். வயலில் சொட்டினால் மண்ணும் கெடும்.

சுமையை வைக்கும் இடம்

ஒன்றேகால் டன் சுமைக்குப் பதிவான வண்டி என்றால் 75 கிலோ நெல் மூட்டை 16 ஏற்றலாம். அது 1,200 கிலோ. இச்சுமையின் நடு, பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் அமைந்தால், இரண்டரை மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டியில் முன் சக்கரங்களிலிருந்து 144 கிலோ தூக்கப்படுகிறது. ஸ்டியரிங் லேசாகி, சேற்றில் திருப்பியும் வண்டி நேராகப் போவது இதனால்தான். எனவே கனமான மூட்டைகளை அடித்தட்டில், கேபினை ஒட்டி முதலில் அடுக்கி, இலேசான கூடைகளைப் பின்னால் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி ஏற்றினால் முழுவதும் நிரப்புங்கள், அல்லது காலியாகக் கொண்டு செல்லுங்கள். பாதித் தொட்டித் தண்ணீர் அலைந்து வண்டியைச் சாய்க்கும்.

டயர் காற்றே முதல் கருவி

வயல் பாதையில் வண்டி செல்வதும் சிக்குவதும் பட்டையைவிட டயரைப் பொறுத்தது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள் உள்ள காற்றழுத்தத்துக்குச் சமம். ஒரு சக்கரத்தில் 600 கிலோ இறங்கும்போது, 60 பவுண்டு காற்று இருந்தால் டயர் சுமார் 140 சதுர செ.மீ. பரப்பில் ஊன்றும். 40 பவுண்டானால் அது 210 சதுர செ.மீ. ஆகும். மணலிலும் இளகிய மண்ணிலும் இந்த ஒன்றரை மடங்குப் பரப்பே வண்டியை மிதக்கச் செய்கிறது.

எனினும் இதில் எச்சரிக்கை தேவை. முழுச் சுமையில் காற்றைக் குறைக்கலாகாது. டயரின் பக்கச் சுவர் மடிந்து சூடேறிக் கிழியும். வெறும் வண்டியாகவோ பாதிச் சுமையிலோ மணற்பாங்கான இடத்தைக் கடக்கும்போது மட்டும், குறித்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் குறைத்து, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேற்படாமல் செல்லலாம். தார்ச்சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்பியாக வேண்டும். இதற்கு ஒரு காற்று அளவியும், பாட்டரியில் இயங்கும் சிறு பம்ப்பும் வண்டியில் இருந்தால் போதும்.

வயலின் மண்ணையும் எண்ணிப் பாருங்கள்

வலுவான பட்டை போட்ட வண்டி அதிகச் சுமையுடன் வயலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வண்டி வெளியேறிவிடும், அது செய்த கேடு மண்ணில் தங்கிவிடும். டயரின் அழுத்தம் மேல் மண்ணை இறுக்குகிறது. அச்சின் மொத்தச் சுமையோ அடி மண்ணை இறுக்குகிறது. மேல் மண்ணை அடுத்த உழவில் சரிசெய்யலாம். ஏர் எட்டாத ஆழத்தில் இறுகிய மண்ணில் வேர் இறங்காது, நீரும் வடியாது. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகைகளின் களிமண் நிலங்களில் இக்கேடு மிகுதி.

மண் இறக்கத்துக்குத் தகுதியாக உள்ளதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே திரித்துப் பாருங்கள். தீக்குச்சித் தடிப்புக்குத் திரியாக நீண்டால் ஈரம் மிகுதி, வண்டியை இறக்காதீர்கள். திரியாமல் உதிர்ந்தால் இறக்கலாம்.

சக்கரம் முதன்முறை செல்லும்போதே இறுக்கத்தின் பெரும்பகுதி ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே வயல் முழுவதும் வண்டியை அலையவிடாமல், வரப்போரம் ஒரே தடத்தை ஒதுக்கி அதிலேயே போய் வருக. மூட்டையைத் தடம் வரை தலைச்சுமையாகக் கொண்டுவரும் கூலி, அடுத்த போகத்தில் விளைச்சலாகத் திரும்பும். முன்பே இறுகிப்போன மேட்டு நிலமாயின், கோடையில் மண் உலர்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் உழுது, தொழு உரம் இடுதல் பயன் தரும்.

டேஷ்போர்டு சுவிட்சும் ரிலேயும்

விடியற்காலை அங்காடியைப் பிடிக்க இரவிலேயே களத்தில் சுமை ஏற்ற வேண்டியுள்ளது. ஆகவே கூடுதல் விளக்கு தேவையே. அதை இணைக்கும் முறையில்தான் தவறு நேர்கிறது. 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட் பாட்டரியில் இது ஒன்பது ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம். இதனை மெல்லிய கம்பியில் பாட்டரியிலிருந்து சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து விளக்குக்கும் நேராகக் கொண்டு போகின்றனர். 0.75 சதுர மி.மீ. கம்பி 6 மீட்டர் என்றால் ஒன்றேகால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். ஏறக்குறைய 12 வாட் சூடாகக் கம்பியிலேயே தங்கும். விளக்கு மங்கும்; சுவிட்ச் முனைகள் கருகும்; பியூஸ் இல்லாத இடத்தில் கம்பி உரசி சேசிஸில் பட்டால் வண்டியே தீப்பற்றும்.

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி. வாய்க்கால் மதகுபோல் என்று கொள்ளலாம். மதகைத் திருப்பக் கைவிசை போதும், ஓடுவது பெருநீர். ரிலேயில் நான்கு முனைகள் எண்ணிடப்பட்டிருக்கும்.

30ஆம் முனை: பாட்டரியின் கூட்டல் முனையிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. கம்பி இங்கு வர வேண்டும். பியூஸ் பாட்டரிக்கு ஒரு சாணுக்குள் இருத்தல் அவசியம்.

87ஆம் முனை: இங்கிருந்து அதே தடிப்புள்ள கம்பி விளக்குகளுக்குச் செல்லும்.

86ஆம் முனை: டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய கம்பி வரும். சுவிட்சுக்கு மின்சாரம் சாவி திருப்பினால் மட்டும் கிடைக்கும் இடத்திலிருந்து, சிறு பியூஸ் வழியாக எடுக்கப்பட வேண்டும்.

85ஆம் முனை: இது எர்த். பெயிண்டைச் சுரண்டி, வெள்ளிபோல் மின்னும் இரும்பில் போல்ட் இட்டு முறுக்க வேண்டும்.

இவ்வாறு அமைத்தால் சுவிட்ச் வழியே ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவே. சாவியை எடுத்தால் விளக்கும் அணையும். இல்லையெனில் மறந்துவிட்ட விளக்கு 60 ஆம்பியர் மணிப் பாட்டரியை ஆறு மணி நேரத்தில் வற்றச் செய்யும். அதற்கு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது. 18 வாட் எல்.இ.டி. வேலை விளக்கு ஒன்றரை ஆம்பியரே எடுப்பதால் களத்துக்கு அதுவே சிக்கனம்.

சுவிட்ச் வாங்கும்போது உள்ளே சிறு விளக்கு எரியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் இடிக்காத இடத்தில் வைத்து, 'களவிளக்கு' என்று எழுதி ஒட்டுங்கள். வேறொருவர் ஓட்டினாலும் குழப்பம் வராது. கம்பி இரும்புத் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இடத் தவறாதீர்கள். சாலையில் ஏறியதும் பின்னோக்கி எரியும் வெள்ளை விளக்கை அணைத்துவிட வேண்டும். அதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. முன்னால் தேடு விளக்குப் பொருத்தவும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் பதிவாகும் பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினைக் கணிப்பொறிப் பெட்டி இயக்குகிறது. அதன் கம்பிகளில் கிள்ளி மின்சாரம் எடுப்பது பெருந்தவறு. வண்டியில் எங்கேனும் வெல்டிங் செய்வதற்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும் இன்றியமையாதது.

நான்கு சக்கர இழுவைச் சுவிட்ச் உள்ள வண்டிகள்

சில பிக்கப் வண்டிகளில் நான்கு சக்கர இழுவையைச் சுவிட்சைத் திருப்பியே இணைக்கலாம். அத்திப்பட்டுக்கு வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டியுள்ள ஸ்ரீசிட்டியில் 2016இல் தொடங்கிய ஆலையில் உருவான இசுசு வி-கிராஸ் இவ்வகையது. 2எச் என்பது சாலைக்கு. 4எச் என்பது மணல், சேறு ஆகியவற்றுக்கு. 4எல் என்பது மிக மெதுவாகப் பெருவிசையுடன் ஏறுவதற்கு. உலர்ந்த தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டலாகாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். நடுவில் அதற்கு இடந்தரும் டிபரன்ஷியல் இல்லாததால் பற்சக்கரங்கள் முறுக்குண்டு கெடும். சிக்கிய பின் சுவிட்சைத் தேடாமல், சேற்றில் இறங்குமுன்பே இணைப்பது நன்று.

உப்பும் சாம்பலும்

அத்திப்பட்டு வட்டாரத்துக்கே உரிய தொல்லை உப்பு. எண்ணூர் முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் நீர் உவர்ப்பானது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரிலும் கடல்நீர் புகுந்துள்ளது. உவர் நீரில் நனைந்த பட்டையில் சிறு துரும்புக் குழிகள் விழும். விரிசல் அங்கிருந்தே தொடங்கும். எர்த் முனையில் பச்சைக் களிம்பு பிடித்தால் விளக்கும் ரிலேயும் தடுமாறும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் உள்ள செப்பாக்கம் போன்ற இடங்களில் பறக்கும் நுண்சாம்பல், கிரீஸோடு கலந்து புஷ்களை அரம்போல் தேய்க்கும்.

ஆகவே வண்டியின் அடிப்பாகத்தை வாரம் ஒருமுறை கழுவுங்கள். கழுவும் நீர் நல்ல நீராக இருக்கட்டும். வாயில் உவர்க்கும் ஆழ்குழாய் நீரால் கழுவினால் உப்பை நாமே பூசுவதாகும். ஏரி நீர், சேமித்த மழை நீர் ஆகியவை ஏற்றவை. மின் முனைகளில் வாசலின் தடவி வைக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இவ்வட்டாரம் நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு மேல் நீர் நின்றால் வண்டியை இறக்காதீர்கள். இறங்கி வந்திருந்தால், முதலில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்து மிதித்து உலர்த்துங்கள். பிறகு டிபரன்ஷியல் எண்ணெயைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் நீர் கலந்துள்ளது, உடனே மாற்றுங்கள்.

செய்ய வேண்டிய காலம்

இவ்வேலைகளைப் பருவத்தோடு பொருத்திக்கொள்ளலாம். ஆவணி, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், டயர் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். மழை ஓய்ந்த மார்கழியில் எர்த் முனைகளையும் பியூஸ்களையும் துடைத்து, டிபரன்ஷியல் எண்ணெயைச் சோதியுங்கள். சம்பா அறுவடை தொடங்குமுன் வயல் தடத்தை மேடாக்கி, பள்ளங்களில் செங்கல் உடைசலைக் கொட்டிக் கெட்டிப்படுத்துங்கள். பக்கத்து வயல்காரர்கள் நால்வர் சேர்ந்து பாதையைச் சீராக்கும் செலவு, நால்வரும் தனித்தனியே பட்டை மாற்றும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

சுருங்கக் கூறின், தயாரிப்பாளர் கொடுத்த பட்டையை நல்ல நிலையில் வைப்பதும், சுமையைத் தாழ்வாகவும் முன்தள்ளியும் வைப்பதும், காற்றை அறிந்து பிடிப்பதும், விளக்கை ரிலே, பியூஸ் வழியாக இணைப்பதும் வயல் பாதைக்குப் போதுமானவை. இவற்றைக் கடைப்பிடிக்கும் உழவரின் வண்டி நெடுநாள் உழைக்கும். வயலின் மண்ணும் கெடாது.